நான்கு மெய்யெழுத்துகள்

எங்கள் ஊர் வீட்டு வாசல் நிலைக்கு மேலே சிமெண்டில் புடைப்பாக எழுத்தெடுத்து ‘யெகோவாயீரே’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே வீடு கட்டி முடித்த வருஷம், 1974. தாமிரபரணிக்குத் தெற்கே, கிறிஸ்தவர்கள் அதிகம் இருக்கும் ஊர்களில் இதெல்லாம் சாதாரணம். ஒரே தெருவில் ஒரு வீடு ‘பெத்தேல்’, அடுத்த வீடு ‘எபெனேசர்’, முக்கு மளிகைக் கடை ‘எல்ஷடாய்’. ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் ‘யெகோவா நிசி’. சின்ன வயதில் இவையெல்லாம் எந்த மொழி என்று நான் யோசித்ததே இல்லை. ஆண்டவருடைய பேரு, அவ்வளவுதான்.

கல்லூரி முதல் வருஷ விடுமுறையில், இணையத்தில் எதையோ தேடப்போய், ‘யெகோவா’ என்பது எழுத்தைத் தவறாக வாசித்ததால் பிறந்த சொல் என்று படித்தேன். பண்டைய எபிரேயர்கள் யாரும் அப்படி ஒரு பெயரைச் சொல்லிக் கடவுளைக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பதினெட்டு வயது. தெரிந்துகொண்டதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் ஆச்சியிடம் சொன்னேன்.

“ஆச்சி, வாசல்ல எழுதியிருக்குல்லா, அந்தப் பேரே தப்பு. அப்படி ஒரு பேரு கெடையாது.”

ஆச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெரிய எழுத்து வேதாகமத்தின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அப்போ இத்தனை வருசமும் நான் யாரைல கூப்பிட்டேன்?”

அந்தக் குரலில் கோபமில்லை. நிஜமாகவே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மறுநாளிலிருந்து ஜெபத்தில் அந்தச் சொல் வரும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, ‘ஆண்டவரே’ என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆச்சி செய்தது என்ன என்று எனக்குப் புரிய பல வருஷம் ஆனது. அதற்குள் ஆச்சி போய்விட்டாள்.

அவள் கேள்விக்கு நான் தேடிப்போன பதில்தான் இது.

*

முதலில் சின்னச் சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். ‘எல்’. பெத்தேல் என்றால் எல்லின் வீடு. இஸ்ரவேல், இம்மானுவேல், தானியேல் எல்லாவற்றின் கடைசியிலும் அதுதான் இருக்கிறது.

1928இல் சிரியாவின் கடலோரத்தில், ராஸ் ஷாம்ரா பக்கத்தில் ஒரு விவசாயியின் கலப்பை ஒரு பழைய கல்லறையின் மேல் தட்டியது. அடுத்த வருஷமே பிரெஞ்சு ஆய்வாளர்கள் வந்து தோண்டினார்கள். கி.மு. 1200ஐ ஒட்டி அழிந்துபோன உகரித் என்ற நகரம் வெளியே வந்தது. களிமண் பலகைகளில் கதைகளும் கிடைத்தன. அந்தக் கதைகளில் தெய்வங்களுக்கெல்லாம் தகப்பனாக, நரைத்த தாடியோடு உட்கார்ந்திருக்கிறவரின் பெயர் எல். ஆக, பைபிளின் மிகப் பழைய தெய்வச் சொல் வானத்திலிருந்து புதிதாக விழுந்ததல்ல. அக்கம்பக்கத்து மக்கள் எல்லோரும் புழங்கிய சொல்தான். அந்தப் பகுதி மொழிகளில் ‘தெய்வம்’ என்ற பொதுச்சொல்லும் அதுவே, ஒரு தெய்வத்தின் தனிப்பெயரும் அதுவே.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல் ‘எலோஹிம்’. எபிரேய பைபிளில் சுமார் 2600 முறை வருகிறது. ஆதியாகமத்தின் முதல் வாக்கியத்தில் படைக்கிறவர் எலோஹிம்தான். ஆனால் ‘இம்’ என்பது எபிரேயத்தில் பன்மை விகுதி. கேருபீன்கள், சேராபீன்கள் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொற்களின் வாலில் இருக்கும் பன்மைதான் இதிலும் இருக்கிறது. பெயர் பன்மை. ஆனால் அதோடு வரும் ‘படைத்தான்’ என்ற வினை ஒருமை. ‘தெய்வங்கள் படைத்தான்’ என்பதுபோல ஒரு வாக்கியம்.

கிறிஸ்தவ உரையாசிரியர்கள் பலர் இந்தப் பன்மையில் திரித்துவத்தைக் கண்டார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் முதல் வரியிலேயே ஒளிந்திருக்கிறார்கள் என்றார்கள். யூத அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. இன்றைய இலக்கண ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இது மதிப்புப் பன்மை என்கிறார்கள். ஒருவரைப் பெரியவராகக் காட்ட அவரைப் பலராகச் சொல்வது. ஆங்கிலேயருக்கு இதை விளக்க ஒரு பக்கம் வேண்டும். தமிழருக்கு ஒரு வரி போதும். ‘அப்பா வந்தாங்க’ என்று சொல்கிற நமக்கு அது தினசரிப் பேச்சு. வேடிக்கை என்னவென்றால், நம் பழைய தமிழ் பைபிள் அதே வாக்கியத்தில் எபிரேயத்தைத் தலைகீழாக்கிவிட்டது. ‘தேவன்’ என்பது ஒருமைப் பெயர், அதன் வினை ‘ஆர்’ விகுதியோடு மரியாதைப் பன்மை. அங்கே பெயரில் இருந்த மரியாதை இங்கே வினைக்குப் போய்விட்டது. இரண்டு மொழிகளுமே கடவுள் முன்னால் இலக்கணத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கின்றன.

அடுத்தது ‘எல் ஷடாய்’. இது ஆபிரகாமிடமும் யாக்கோபிடமும் கடவுள் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர். ‘சர்வவல்லவர்’ என்று நாம் மொழிபெயர்க்கிறோம். உண்மையில் ‘ஷடாய்’க்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. மலை என்னும் அக்காடியச் சொல்லோடு சேர்க்கிறவர்கள் உண்டு. எபிரேயத்தில் ‘ஷத்’ என்றால் முலை, ஆகவே பாலூட்டி வளர்ப்பவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. சர்வவல்லமை எங்கிருந்து வந்தது? யோபின் புத்தகத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் பல இடங்களில் ‘பான்டோக்ரடோர்’, எல்லாவற்றையும் ஆள்பவர் என்று போட்டார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் லத்தீனில் பெயர்த்த ஜெரோம் ‘ஓம்னிபொடென்ஸ்’ என்றார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கும், கடைசியில் நம் ஊருக்கும் வந்தது.

எபிரேய பைபிளில் ‘ஷடாய்’ 48 முறை வருகிறது. அதில் 31 முறை யோபின் புத்தகத்தில் மட்டும். பிள்ளைகள், சொத்து, உடம்பின் ஆரோக்கியம் எல்லாம் போய், சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனும் அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்து சண்டை போடும் நண்பர்களும் மாறி மாறிச் சொல்லும் பெயர் இது. கடைப் பலகையில் அதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தச் சாம்பல்தான் ஞாபகம் வருகிறது.

*

பைபிளில் கடவுளுக்குப் பெயர் வைத்ததாக வெளிப்படையாகச் சொல்லப்படும் முதல் ஆள் யார் தெரியுமா? ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை. ஆகார். சாராயின் எகிப்திய அடிமைப்பெண். எஜமானி சொன்னபடி எஜமானனின் பிள்ளையைச் சுமக்கிறாள், பிறகு அதே எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். ஒரு நீரூற்றின் பக்கத்தில் தேவதூதன் அவளைச் சந்திக்கிறான். தன்னோடு பேசியவருக்கு அவள் வைக்கும் பெயர் ‘எல் ரோயி’. என்னைப் பார்க்கிற எல். வீட்டில் யாரும் மனுஷியாகப் பார்க்காத ஒருத்தி, தன்னைப் பார்த்தவருக்குப் பார்க்கிறவர் என்றே பெயர் வைக்கிறாள்.

‘ரோயி’யின் வேர் ‘ராஆ’. பார்த்தல். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் ‘யீரே’யும் அதே வேர்தான். ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்க மலையேறுகிறான். பலிக்கு ஆடு எங்கே என்று மகன் கேட்கிறான். கடவுள் தாமே பார்த்துக்கொள்வார் என்கிற பொருளில் தகப்பன் பதில் சொல்கிறான். கடைசியில் புதரில் ஒரு ஆட்டுக்கடா சிக்கியிருக்கிறது. அந்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர் அது. எபிரேயத்தில் நேர்ப்பொருள் ‘பார்ப்பார்’ என்பதுதான். பார்ப்பது எப்படிக் கொடுப்பதாக மாறியது என்று உரையாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழில் அந்தச் சிரமமே இல்லை. ‘பார்த்துக்கொள்வார்’ என்ற ஒரே சொல்லில் கண்ணும் கையும் சேர்ந்தே இருக்கின்றன. ரேஷன் அரிசி தீர்ந்தாலும் மாமாவுக்குக் காய்ச்சல் விடாவிட்டாலும் ஆச்சி சொல்வது ஒன்றே ஒன்று. “ஆண்டவர் பாத்துக்கிடுவாரு.” வாசலில் எபிரேயத்தில் எழுதியிருப்பதை வீட்டுக்குள் அவள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘யீரே’ ஒரு மலையின் பெயர். ‘நிசி’, என் கொடி என்று பொருள், அமலேக்கியரோடு நடந்த சண்டைக்குப் பிறகு மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். ‘ஷாலோம்’ கிதியோன் கட்டிய பலிபீடத்தின் பெயர். ‘ஷம்மா’, அங்கே இருக்கிறார் என்று பொருள், எசேக்கியேல் கனவு கண்ட நகரத்தின் பெயர். மூலத்தில் இவை கடவுளின் பெயர்கள் அல்ல, கடவுளோடு ஏதோ நடந்த இடங்களின் பெயர்கள். இவற்றை வரிசையாக அடுக்கி, கடவுளின் ஏழு கூட்டுப்பெயர்கள் என்று பரவலாக்கியதில் 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை பைபிளுக்குப் பெரிய பங்குண்டு. ஏழு பெயர், ஏழு ஆசீர்வாதம் என்ற பட்டியல் அமெரிக்கச் சபைகளில் வளர்ந்து, பாடல்களில் ஏறி, நம் ஆட்டோ கண்ணாடி வரை வந்துவிட்டது. பட்டியலாகும்போது ஒரு விஷயம் உதிர்ந்துபோகிறது. இந்த ஒவ்வொரு பெயருக்கும் அடியில் ஒரு ஊர் இருக்கிறது, பயந்துபோன ஒரு மனிதன் இருக்கிறான்.

*

இனி அந்த நான்கு எழுத்துகள். யோத், ஹே, வாவ், ஹே. ய், ஹ், வ், ஹ். எபிரேய பைபிளில் 6800க்கும் அதிகமான முறை வருகிறது. வேறெந்தப் பெயரும் அதன் பக்கத்தில்கூட வராது.

பழைய எபிரேய எழுத்தில் உயிரொலிகளைக் குறிக்கத் தனி அடையாளங்கள் கிடையாது. எழுதுவது மெய் மட்டும். உயிரை வாசிக்கிறவர் தன் நினைவிலிருந்து போட்டுக்கொள்வார். ‘ம்ரம்’ என்று எழுதியிருந்தால் மரம் என்று வாசிப்பதுபோல. மொழி தெரிந்தவருக்கு இதில் சிரமம் இல்லை, அந்தச் சொல்லை யாராவது சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று யாத்திராகமம் ஒரு காட்சியாகச் சொல்கிறது. எரிந்தும் கருகாத முட்செடியின் முன் நின்று மோசே கேட்கிறான்: உம்முடைய பெயர் என்னவென்று ஜனங்கள் கேட்டால் நான் என்ன சொல்ல? வரும் பதில் ‘எஹ்யே அஷேர் எஹ்யே’. ‘எஹ்யே’ என்பது ‘இரு’ என்னும் வினை, தன்மை ஒருமை. பழைய எபிரேய வினைகளில் நிகழ்காலம், எதிர்காலம் என்ற கோடு நம்முடையதுபோலக் கறாராக இல்லை. ஆகவே ‘இருக்கிறேன்’ என்றும் எடுக்கலாம், ‘இருப்பேன்’ என்றும் எடுக்கலாம்.

அலெக்சாந்திரியாவில் இதைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோன யூத மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஹோ ஓன்’, இருக்கிறவர், என்று எழுதினார்கள். கிரேக்கத் தத்துவம் படித்த காதுகளுக்கு அது உடனே ‘என்றும் மாறாத உள்பொருள்’ என்று கேட்டது. கிறிஸ்தவ இறையியல் அந்தப் பாதையில் வெகுதூரம் போயிற்று. கீழைத் திருச்சபைகளின் படிமங்களில் இயேசுவின் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தில் இன்றும் அந்தக் கிரேக்க எழுத்துகளைப் பார்க்கலாம். யோவான் நற்செய்தியில் இயேசு வெறுமனே ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும்போது கேட்டவர்கள் கல்லை எடுப்பதற்கும் இந்தப் பின்னணிதான் காரணம் என்று கிறிஸ்தவர்கள் வாசிக்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்புகளும் நிகழ்காலத்தையே தேர்ந்தெடுத்தன.

ஆனால் இரண்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். பார்வோனிடம் போக நான் யார் என்று மோசே தயங்குகிறான். அதற்குக் கிடைக்கும் பதிலில் இதே ‘எஹ்யே’ வருகிறது. அங்கே அதன் பொருள் உன்னோடு இருப்பேன் என்பது. அதோடு சேர்த்து வாசித்தால் பெயர் ஒரு வரையறையாக இல்லாமல் வாக்குறுதியாகிவிடுகிறது. எப்போதெல்லாம் தேவையோ அப்போதெல்லாம் இருப்பேன். நீ யார் என்ற கேள்விக்கு, உன்கூட வர்றவன் என்று சொல்வதுபோல.

*

இவ்வளவு பெரிய பெயர் என்றால் அதை ஆரம்பத்திலிருந்தே யாரும் தொடப் பயந்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. ரூத்தின் கதையில் போவாஸ் வயலுக்கு வரும்போது கதிர் அறுக்கும் ஆட்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொல்கிறான். அவர்களும் அதே பெயரால் பதில் சொல்கிறார்கள். 1935இல் லாகீஸ் கோட்டை வாசலருகே உடைந்த பானை ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாபிலோனியப் படை யூதேயாவை அழித்த காலத்தை ஒட்டியவை. ராணுவச் செய்திகள்தான். ஆனால் பலவற்றின் முதல் வரியில், தலைவருக்கு நல்ல செய்தி கிடைக்க வேண்டும் என்ற வாழ்த்தோடு அந்த நான்கு எழுத்துகள் இருக்கின்றன. 1979இல் எருசலேமில் கெதெஃப் ஹின்னோம் என்ற இடத்துக் கல்லறையில் சுருட்டிய இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள் கிடைத்தன. தாயத்துகள். விரித்துப் பார்த்தால் ஆசாரியர் சொல்லும் ஆசீர்வாதமும் அதே பெயரும். யாரோ ஒருவர் கழுத்தில் கட்டியிருந்தது. 1868இல் யோர்தானின் திபானில் கிடைத்த மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டிலும் அந்தப் பெயர் உண்டு. எதிரி நாட்டு ராஜாவுக்கும் தெரிந்த பெயர் அது.

வயலிலும் கடிதத்திலும் கழுத்திலும் இருந்த பெயர் மெல்ல வாயிலிருந்து விலகியது. பெயரை வீணாகச் சொல்லாதே என்ற கட்டளை ஒரு காரணம். அந்நிய ஆட்சிகளுக்கு நடுவே தங்களுக்கென்று மிச்சமிருந்த ஒன்றைப் பத்திரப்படுத்தும் எண்ணமும் சேர்ந்திருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை, பாவநிவாரண நாளில், தலைமை ஆசாரியர் ஆலயத்தில் அதைச் சொல்வார் என்றும், அதைக் கேட்டதும் பிராகாரத்தில் நிற்பவர்கள் முகங்குப்புற விழுவார்கள் என்றும் மிஷ்னா சொல்கிறது. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்தார்கள். பெயரைச் சொல்லும் இடமும் போயிற்று.

வாசிக்கும்போது அந்த நான்கெழுத்து வந்தால் ‘அதோனாய்’ என்றார்கள். என் ஆண்டவர் என்று பொருள். இன்றும் ஜெபத்தில் அப்படித்தான். சாதாரணப் பேச்சில் ‘ஹஷேம்’, அந்தப் பெயர், என்பார்கள். 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சாக்கடல் சுருள்களில் அந்தத் தயக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். சில சுருள்களில் மற்றதெல்லாம் அன்றைய எழுத்தில் இருக்க, பெயர் மட்டும் வழக்கொழிந்த பழைய எபிரேய எழுத்தில் இருக்கும். சில இடங்களில் எழுத்தே இல்லை. நான்கு புள்ளிகள் மட்டும்.

கிரேக்க மொழிபெயர்ப்புகளின் மிகப் பழைய யூதப் பிரதிகள் சிலவற்றில், கிரேக்க வரிகளுக்கு நடுவே அந்தப் பெயர் எபிரேய எழுத்திலேயே நிற்கிறது. பின்னாளில் எபிரேயம் தெரியாத சிலர் அந்த வடிவத்தைக் கிரேக்க எழுத்தென்று நினைத்து ‘பிப்பி’ என்று வாசித்தார்கள் என்று ஜெரோம் எழுதியிருக்கிறார். ஆகவே கடவுளின் பெயரைத் தப்பாக வாசித்த முதல் ஆட்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. கிறிஸ்தவர்கள் பிரதியெடுத்த கிரேக்க பைபிள்களில் அந்த இடத்தில் இருப்பது ‘கிரியோஸ்’. ஆண்டவர், எஜமான்.

கிறிஸ்தவ நம்பிக்கையின் மையமான ஒரு திருப்பம் இந்த இடத்தில்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கடவுளின் தனிப்பெயர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பட்டம் இருக்கிறது. ‘கிரியோஸ்’ என்று இயேசுவையும் சீடர்கள் அழைத்தார்கள். நான்கெழுத்துப் பெயரைக் கூப்பிடுகிறவன் எவனும் தப்புவான் என்று யோவேல் தீர்க்கதரிசி சொன்னதை, ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் எடுத்தாள்கிறார். அவர் கிரேக்கத்தில் அங்கே நிற்பது ‘கிரியோஸ்’. அந்தப் பகுதியில் அவர் பேசிக்கொண்டிருப்பது இயேசுவைப் பற்றி. மௌனத்தால் காலியாக விடப்பட்ட ஒரு இடத்தில் கிறிஸ்தவர்கள் ஒரு முகத்தைக் கண்டார்கள். யூதர்களுக்கு அது ஏற்க முடியாததாக இருந்தது. அங்கே பிரிந்த வழி இன்னும் சேரவில்லை.

*

‘யெகோவா’ எப்போது வந்தது? ஆறாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில், திபேரியா நகரில் மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள் பைபிளுக்கு உயிர்க்குறிகள் இட்டார்கள். எழுத்துக்கு மேலும் கீழும் சின்னப் புள்ளிகள், கோடுகள். மெய்யின் மேல் புள்ளி வைத்து உயிர் இல்லை என்று காட்டுகிறவர்கள் நாம். அவர்கள் புள்ளி வைத்து உயிரைக் காட்டினார்கள். நான்கெழுத்துப் பெயர் வந்த இடத்தில் அதன் சொந்த உயிரைப் போடவில்லை. சத்தமாகச் சொல்லவேண்டியது வேறு சொல் என்று வாசிக்கிறவருக்கு ஞாபகப்படுத்த, அந்த வேறு சொல்லின் உயிர்க்குறிகளைப் போட்டார்கள். ஒரு சொல்லின் மெய், இன்னொரு சொல்லின் உயிர். யூதர்களுக்கு அது குறிப்பு. எபிரேயம் கற்றுக்கொண்ட ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் இரண்டையும் சேர்த்து அப்படியே வாசித்தார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததுபோல ‘அதோனாய்’ சொல்லின் உயிர் அந்த நான்கெழுத்து உடம்புக்குள் போய்விட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்த வாசிப்பின் தடயம் உண்டு. 1530இல் வில்லியம் டின்டேல் அச்சிட்ட ஆங்கில ஐந்தாகமத்தில் அது இடம்பிடித்தது. ஆறு வருஷம் கழித்து டின்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிள் பெரும்பாலும் ‘லார்ட்’ என்றே போட்டு, ஒருசில இடங்களில் மட்டும் ‘ஜெஹோவா’வை வைத்துக்கொண்டது.

இன்றைய அறிஞர்கள் பழைய உச்சரிப்பு ‘யாஹ்வே’ என்பதுபோல இருந்திருக்கும் என்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தியோடோரெத், சமாரியர்கள் ‘யாபே’ என்று சொல்வதாக எழுதிவைத்தது அதற்கான சான்றுகளில் ஒன்று. 1966இல் வந்த ஆங்கில ஜெருசலேம் பைபிள் ‘யாஹ்வே’ என்றே அச்சிட்டது. கத்தோலிக்கப் பாடல்களிலும் அது ஏறியது. 2008இல் வத்திக்கான், வழிபாட்டில் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம், பழைய மரபுப்படி ‘ஆண்டவர்’ என்றே சொல்லுங்கள் என்று ஆயர்களுக்கு எழுதியது. திருத்தமான உச்சரிப்பைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, மறுபடியும் மௌனத்துக்கே திரும்பினார்கள்.

தமிழுக்கு வந்த கதையும் இதன் ஒரு கிளைதான். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கடவுளைத் தம்பிரான் என்றது. சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். ஃபப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் முழுமையாக வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995இன் திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. எலோஹிமுக்குத்தான் இத்தனை மாற்றம். நான்கெழுத்துக்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு வைத்த சொல் ‘கர்த்தர்’. சமஸ்கிருத ‘கர்த்ரு’விலிருந்து வந்தது, செய்கிறவர் என்று பொருள். எபிரேயத்தில் ‘இருப்பவர்’, கிரேக்கத்தில் ‘எஜமான்’, தமிழில் ‘செய்கிறவர்’. அதோனாய்க்கு ‘ஆண்டவர்’. ‘யேகோவா’வைச் சில இடங்களில் மட்டும் அப்படியே விட்டார்கள். எங்கள் வாசலுக்கு வந்தது அதில் ஒன்று.

*

இப்போது ஆச்சிக்கு என்ன சொல்வேன்?

நான் சொன்ன தகவல் சரிதான் என்று சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் பாதியைத்தான் படித்திருந்தேன். தப்பான வாசிப்பு என்று மட்டும் தெரியும். அந்தத் தப்புக்குப் பின்னால், ஒரு பெயரைச் சொல்லக்கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு மேல் காத்த ஜனங்களின் பயமும் பிரியமும் இருந்தது தெரியாது. அந்தப் பெயரைக் கடையில், மேடையில், பாட்டில் உரக்கச் சொல்லும்போது, அதை இன்னும் வாயால் சொல்லாமல் இருக்கிறவர்கள் உலகத்தில் உண்டு என்பதையாவது நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன். ஆச்சியோ அந்தச் சொல் வந்த இடத்தில் நிறுத்தி ‘ஆண்டவரே’ என்று மாற்றினாள். திபேரியாவில் புள்ளி வைத்தவர்கள் வாசிக்கச் சொன்னதும் அதேதான், அதோனாய். யாரும் சொல்லித்தராமல், ஒரே ராத்திரியில், அவள் அந்தப் பழைய வழக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். நான் அதை என் வெற்றி என்று எண்ணினேன்.

இன்னொன்றும் சொல்வேன். வாயால் சொல்லாமல் விட்ட அந்தப் பெயர் ஒருபோதும் முழுசாகப் போய்விடவில்லை. அது மனிதர்களின் பெயர்களுக்குள் போய் ஒதுங்கிக்கொண்டது. ஏசாயா, எரேமியா, எலியா, சகரியா எல்லாவற்றின் வாலிலும் இருக்கும் ‘யா’ அதுதான். யோனத்தான், யோசுவா, யோவான் தலையில் இருக்கும் ‘யோ’வும் அதுவே. அல்லேலூயா என்றால் ‘யாவைத் துதியுங்கள்’. இயேசு என்பது யேசுவா, அதன் நீண்ட வடிவம் யெஹோசுவா. அந்த நான்கெழுத்துக்காரர் ரட்சிக்கிறார் என்று பொருள். நான்கு எழுத்துகளையும் சேர்த்துச் சொல்ல அஞ்சிய ஊரில், அம்மாக்கள் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் அதில் பாதியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தாத்தா எனக்கு வைத்த பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் எழுத்து ‘யோ’. ஜெபத்தில் அந்தச் சொல்லை நிறுத்திய பிறகும், சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆச்சி நடையில் வந்து நின்று, தலைக்கு மேலே சிமெண்ட் எழுத்துகள் இருக்க, தெருமுனை வரை கேட்கும்படி என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.